கடைக்கு மின் அடுப்பு: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

வணிகச் சிலிண்டரின் விலை இந்த மாதம் ஏறியதா இறங்கியதா என்று முதல் தேதி காலையில் பார்ப்பது, டீக்கடை, பலகாரக் கடை வைத்திருப்போருக்கு வழக்கமாகிவிட்டது. மளிகைக் கடைக்காரர்களான நம்மிலும் பலர் கடையோரத்தில் டீ, சுண்டல், பஜ்ஜி என்று ஒரு சிறு வியாபாரத்தைச் சேர்த்தே நடத்துகிறோம். கடை ஆட்களுக்கு மதியச் சாப்பாடு பின்கட்டில் வேகிறது. ஆகவே, "கரண்ட் அடுப்புக்கு மாறிவிடலாமா?" என்ற கேள்வி தட்டாஞ்சாவடிக் கடைத்தெருவிலும் எழுவது இயல்பே. அந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கான ஒரு பாடமாக இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

அரசுத் தரப்பில் இதற்கு ஆதரவு உண்டு. மின்சாரத்தில் சமையல் என்பதை வலியுறுத்தி மத்திய அரசு 2021 பிப்ரவரியில் 'கோ எலக்ட்ரிக்' என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. 2023 நவம்பரில், பொதுத்துறையைச் சேர்ந்த ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் நாடு முழுவதும் 20 லட்சம் இண்டக்ஷன் அடுப்புகளைக் கொண்டு சேர்க்கும் திட்டத்தை அறிவித்தது. நாட்டுக்கு நல்லது என்பது சரி. நம் கல்லாவுக்கு ஒத்துவருமா என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மின் அடுப்பு விஷயத்தில் அடுப்பின் விலைதான் ஆகச் சிறிய செலவு. பாத்திரம், ஒயர், மீட்டர் ஆகிய மூன்றையும் பார்க்காமல் அடுப்பை மட்டும் பேரம் பேசி வாங்கினால், மிச்சம் பிடித்த 200 ரூபாய் பல மடங்காக வெளியே போய்விடும்.

அடுப்பின் வகைகள்

மேல்நாட்டு வீடுகளில் மேலே நான்கு தட்டும் அடியில் அவனும் சேர்ந்த பெரிய மின் அடுப்பு உண்டு. நம் கடைகளுக்கு அது வேண்டியதில்லை. ரொட்டிக் கடைக்காரர்களின் பெரிய அவன் தனிக்கதை. அதற்கு மும்முனை மின்சாரம் முதற்கொண்டு எல்லாமே வேறு. நமக்குப் பொருந்துபவை மூன்றே வகைதான்.

முதலாவது, பழைய சுருள் கம்பி அடுப்பு. பீங்கான் தட்டின் பள்ளத்தில் நிக்ரோம் கம்பிச் சுருள் பழுத்துச் சிவக்கும். விலை மலிவு, எந்தப் பாத்திரத்தையும் வைக்கலாம், கம்பி அறுந்தால் வேறு கம்பி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கம்பியில் மின்சாரம் நேராக ஓடுகிறது. பால் பொங்கி வழிந்தாலோ, கரண்டி நழுவி விழுந்தாலோ, அடுப்பைத் தொடுபவர் உயிருக்கு ஆபத்து. ஈரக்கையோடு ஆட்கள் ஓடியாடும் கடைக்கு இது வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மலிவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். இதிலேயே கம்பி வெளியே தெரியாமல் இரும்புத் தட்டால் மூடிய ஹாட் பிளேட் உண்டு. அது பரவாயில்லை. சூடேறவும் ஆறவும் நேரம் பிடிக்கும்.

இரண்டாவது, இன்ஃப்ராரெட் அடுப்பு. மேலே கண்ணாடி, உள்ளே சிவந்து எரியும் சுருள். அலுமினியம், பித்தளை என எந்தப் பாத்திரமும் ஏற்கும். அணைத்த பிறகும் கண்ணாடி வெகுநேரம் கொதித்துக்கொண்டிருக்கும் என்பதைக் கடைப் பையனுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

மூன்றாவது, இண்டக்ஷன். இதில் அடுப்பு சுடுவதில்லை, பாத்திரம்தான் சுடுகிறது. கண்ணாடிக்குக் கீழே உள்ள செம்புச் சுருளில் விரைவாக மாறும் மின்சாரம் ஓடி, ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் பாத்திரத்தின் அடியில் மின் சுழல்களை எழுப்பி, அடித்தகட்டையே சூடாக்குகிறது. சூடு வழியில் வீணாவது குறைவு. செலவாகும் மின்சாரத்தில் சுமார் 85 சதவீதம் பாத்திரத்தில் உள்ள பொருளைச் சேரும். சுருள் அடுப்பில் இது 70 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும்.

பாத்திரம்

இண்டக்ஷன் வாங்கிய பலர் ஏமாறும் முதல் இடம் இதுதான். காந்தம் ஒட்டும் பாத்திரம் மட்டுமே இதில் சுடும். அலுமினியக் குண்டான், பித்தளைத் தவலை, செம்பு, மண்சட்டி எதுவும் ஆகாது. எவர்சில்வரிலும் எல்லாம் காந்தத்தில் ஒட்டாது. எனவே கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சிறு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். அதற்கு முன்பு, வீட்டிலும் கடையிலும் இருக்கும் பாத்திரங்களின் அடியில் அதை ஒட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒட்டவில்லை என்றால், புதுப் பாத்திரத்தின் செலவையும் அடுப்பின் விலையோடு கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஒட்டினால் மட்டும் போதாது; அடி சமமாக இருக்க வேண்டும். பஜ்ஜி, வடை போடும் இரும்புச் சட்டிக்குக் காந்தம் நன்றாகவே ஒட்டும். ஆனால் அதன் குழிந்த அடி, தட்டையான கண்ணாடியில் ஒரு புள்ளியில்தான் உட்காரும். குழிந்த கண்ணாடி கொண்ட பெரிய இண்டக்ஷன் அடுப்புகள் ஓட்டல்களுக்கென்று வருகின்றன. சிறு கடைக்கு அவை கட்டுப்படியாகா. ஆகவே எண்ணெய் வேலை செய்பவர்கள் கேஸ் அடுப்பை விடாமல் வைத்திருப்பதே நல்லது. இன்னொரு காரணமும் உண்டு. இண்டக்ஷன் அடுப்பில் சூட்டை அளக்கும் உணரி கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. பாத்திரத்தின் அடி நெளிந்திருந்தால் அது சூட்டைக் குறைவாகவே அறியும். எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து தீப்பற்ற அதுவே போதும்.

அகன்ற பாத்திரத்திலும் ஒரு சங்கடம். வீட்டு உபயோக அடுப்புகளின் உள்ளே இருக்கும் சுருள், பெரும்பாலும் ஒரு சாண் அகலம்கூட இராது. அதன்மேல் அகலமான அண்டாவை வைத்தால் நடுவில் மட்டும் கொதித்து, ஓரம் வெதுவெதுப்பாக நிற்கும். பால் நடுவில் அடிபிடிக்கும். மலிவான அடுப்புகளில் சிறு தீ வைப்பதும் உண்மையான சிறு தீ அல்ல. சில நொடி முழு வேகத்தில் எரிந்து, சில நொடி அணைந்து, மறுபடி எரியும். டீக்குப் பால் சுண்ட வைக்கிறவர்கள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கடையில் செய்து காட்டச் சொல்லும்போது தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டுவார்கள். எந்த அடுப்பிலும் தண்ணீர் கொதிக்கும்! குறைந்த அளவில் வைத்து ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சிக் காட்டச் சொல்லுங்கள்.

பாத்திரமும் விற்கும் நம் உறுப்பினர்களுக்கு ஒரு சொல். கல்லாமேசையில் ஒரு காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். வாடிக்கையாளர் தாமே ஒட்டிப் பார்த்து வாங்கிப் போனால், "அடுப்பில் ஏறவில்லை" என்று மறுநாள் பாத்திரம் திரும்பி வராது.

கேஸா, கரண்டா?

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ கேஸை எரித்தால் கிடைக்கும் வெப்பம், மின்சாரக் கணக்கில் சுமார் 12.7 யூனிட். வணிகச் சிலிண்டரில் 19 கிலோ இருக்கிறது. ஆக மொத்தம் சுமார் 241 யூனிட் வெப்பம். ஆனால் அது முழுவதும் பாத்திரத்துக்குள் போவதில்லை. நல்ல ஐ.எஸ்.ஐ. வீட்டு அடுப்பு சோதனைச் சாலையில் 68 சதவீதமாவது தர வேண்டும் என்பது விதி. நம் கடையில், காற்று அடிக்கும் வாசலோரத்தில், பாத்திரத்தின் பக்கமெல்லாம் தீ ஏறும் பெரிய பர்னரில், பாதிக்குச் சற்று மேல் தேறினால் அதிகம். 55 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பயன்படும் வெப்பம் 133 யூனிட்.

அதே வேலையை 85 சதவீதத் திறனுள்ள இண்டக்ஷன் அடுப்பில் செய்ய 156 யூனிட் மின்சாரம் வேண்டும். அதாவது, ஒரு வணிகச் சிலிண்டருக்குச் சமம் சுமார் 156 யூனிட். சிலிண்டர் ரூ.1,900 என்று வைத்துக்கொண்டால், அதை 156-ஆல் வகுக்க, ஏறக்குறைய ரூ.12.20 வருகிறது. உங்களுக்கு ஒரு யூனிட் மின்சாரம் இதற்குக் குறைவாக விழுந்தால் இண்டக்ஷன் லாபம். கூடுதலாக விழுந்தால் கேஸே லாபம். சுருள் அடுப்பானால் 190 யூனிட் ஆகும். ஆகவே பத்து ரூபாய்க்குக் கீழ் மின்சாரம் கிடைத்தால்தான் கட்டும். சிலிண்டர் விலை மாறும்போதெல்லாம் இந்த 156-ஆல் வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பர்னரைச் சுத்தமாக வைத்து, காற்றுக்குத் தடுப்பும் வைத்திருந்தால் 156-க்குப் பதில் 170 என்று கொள்ளுங்கள்.

மின்சாரம் யூனிட் எவ்வளவு என்பதில்தான் பலர் தவறாகக் கணக்கிடுகிறார்கள். பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, "எனக்கு யூனிட் இவ்வளவுதான்" என்கிறார்கள். புதுச்சேரியில் மின்கட்டணத்தை, கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்குமான இணை மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. வீட்டு இணைப்பானாலும் கடை இணைப்பானாலும் கட்டணம் படிப்படியாக ஏறுவது. ஃபிரிட்ஜ், விளக்கு, மின்விசிறி ஆகியவை கீழ்ப் படிகளை ஏற்கெனவே நிரப்பிவிட்டிருக்கும். புதிதாக வரும் அடுப்பின் யூனிட்டுகள் அனைத்தும் மேல் படியில்தான் விழும். எனவே உங்கள் பில்லில் உள்ள ஆகக் கூடுதலான படியின் விகிதத்தை எடுத்துக்கொண்டு, அதோடு பில்லில் யூனிட்டுக்கு யூனிட் சேர்க்கப்படும் மற்றக் கட்டணங்களையும் கூட்டி ஒப்பிடுங்கள்.

எத்தனை வாட் அடுப்பு என்பதையும் இதே முறையில் பார்க்கலாம். ஐந்து லிட்டர் பாலைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகும். 2,000 வாட் அடுப்பில் அதற்குச் சுமார் 14 நிமிடம். 1,200 வாட் அடுப்பில் சுமார் 23 நிமிடம். செலவு ஒன்றுதான், நேரம்தான் வேறு. காலை 5 மணிக்குக் கடை திறந்து முதல் டீயை ஆற்றுகிறவருக்கு அந்த ஒன்பது நிமிடம் பெரிது. பின்கட்டில் சோறு வைப்பவருக்கு அது ஒரு பொருட்டல்ல. மின்னழுத்தம் குறையும் இடங்களில் சுருள் அடுப்பு இன்னும் சோம்பும். 230 வோல்ட்டில் 2,000 வாட் தரும் சுருள், 200 வோல்ட்டில் 1,500 வாட்தான் தரும்.

ஒயரும் மீட்டரும்

2,000 வாட் அடுப்பு சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் இதைச் செருகக் கூடாது. 16 ஆம்பியர் பிளக், அதற்கு மெயினிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி எம்.சி.பி. ஆகியவை வேண்டும். 3,500 வாட் கொண்ட வணிக அடுப்பு 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 4 சதுர மில்லிமீட்டர் ஒயரும் அதற்கேற்ற கனமான பிளக்கும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. நம் ஊர் கடற்கரை ஊர். உப்புக் காற்றில் பிளக்கின் பித்தளை பச்சை பிடித்து, பிடிமானம் தளர்ந்து, அந்த இடத்திலேயே சூடேறும். சணல் சாக்கும் அட்டைப் பெட்டியும் எண்ணெய் டின்னும் நிறைந்த மளிகைக் கடையில் தீ எங்கிருந்து புறப்படும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை, அடுப்பு பத்து நிமிடம் எரிந்ததும் அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு அணையும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்பதையும் அதே வரவில் பார்த்துவிடலாம்.

இன்வெர்ட்டரில் ஓடுமா என்று கேட்கிறார்கள். ஓடாது. கடைகளில் இருக்கும் ஒற்றை பாட்டரி இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்குமானது; அடுப்பைப் போட்டதும் அணைந்துவிடும்.

இனி மீட்டர். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுப்பால் வரும் பெரிய நஷ்டம் இங்கேதான் இருக்கிறது. நம் பகுதியில் முன்னால் கடை, பின்னால் வீடு என்ற அமைப்பு சகஜம். வீட்டு இணைப்பில் யூனிட் மலிவு என்பதால், பின்கட்டு பிளக்கிலிருந்து ஒரு ஒயரை இழுத்து முன்கடை அடுப்பை ஓட்டலாம் என்று தோன்றும். மின்சாரச் சட்டம், 2003-இன் 126-ஆம் பிரிவு இதை அனுமதி பெறாத உபயோகம் என்கிறது. எந்த உபயோகத்துக்கு இணைப்புக் கொடுக்கப்பட்டதோ அதைவிட்டு வேறு உபயோகத்துக்குப் பயன்படுத்தினால், அந்த உபயோகத்துக்குரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு விதிக்கலாம். எந்த நாளில் தொடங்கியது என்று தெரியாவிட்டால், ஆய்வு நாளுக்கு முந்தைய 12 மாதங்களுக்குக் கணக்கிடுவார்கள். தற்காலிகக் கணக்கு கைக்கு வந்ததும் ஆட்சேபம் சொல்ல உரிமை உண்டு. இறுதி ஆணைக்குப் பிறகு 127-ஆம் பிரிவின்படி 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் விதித்த தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் அங்கே நிற்க முடியும். மாதம் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இதில் மாட்டிக்கொள்ள வேண்டுமா?

கடை இணைப்பிலேயே ஓட்டுபவர்களும் அனுமதிக்கப்பட்ட மின்பளுவைப் பார்க்க வேண்டும். அது பில்லிலேயே அச்சாகியிருக்கும். இரண்டு கிலோவாட் என்று எழுதி வாங்கிய கடையில் ஃபிரீசரோடு 2,000 வாட் அடுப்பும் சேர்ந்தால் பளு மீறுகிறது. ஒடிசாவின் ஸ்ரீ சீதாராம் அரிசி ஆலை வழக்கில், அனுமதித்த பளுவுக்கு மேல் மின்சாரம் எடுப்பதும் 126-ஆம் பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. நம்மைப் போன்ற ஒரு வியாபாரியின் வழக்குதான் அது. அடுப்பு வாங்குமுன்பே மின்துறை அலுவலகத்தில் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். மாதாந்தர நிலையான கட்டணம் அதற்கேற்ப உயரும். அதையும் மேலே போட்ட கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேஸ் பக்கமும் இதே நியாயம்தான். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைக் கடையில் வைத்து எரிப்பது, 2000-ஆம் ஆண்டின் சமையல் எரிவாயு விநியோக ஒழுங்குமுறை ஆணைக்கு விரோதம். "வீட்டுச் சிலிண்டர் விலையில் கணக்குப் போட்டேன், கேஸே மலிவு" என்று சொல்பவரின் கணக்கு முதல் வரியிலேயே தவறு.

பில் வாங்கும்போது

ஐ.எஸ்.ஐ. முத்திரை அட்டைப் பெட்டியில் இருந்தால் போதாது. அடுப்பின் மேலேயே இருக்க வேண்டும். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். எண்ணும், கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். உரிம எண் உண்மையா என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் கடையிலேயே நின்று பார்த்துவிடலாம்.

உத்தரவாத அட்டையைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். வீட்டு உபயோக அடுப்புகளின் அட்டைகளில் பெரும்பாலும், வணிக உபயோகத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். டீக்கடையில் நாள் முழுவதும் எரிந்த அடுப்பு ஐந்தாம் மாதம் நின்றுபோனால், சர்வீஸ் ஆள் அதைப் பார்த்ததுமே புரிந்துகொள்வார். தினம் ஒருமணி நேரத்துக்கு மேல் ஓடும் என்றால், விலை கூடுதலானாலும் வணிக உபயோகத்துக்கென்று செய்த அடுப்பையே கேளுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இலும் வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவருக்கு அதில் விலக்கு உண்டு. சிறு கடைக்காரர் அந்த விலக்கைக் கோரலாம். ஆனால் பில் இல்லாமல் எதையும் கோர முடியாது.

ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள் கடையின் பெயரிலும் எண்ணிலும் பில் கேளுங்கள். கடை வேலைக்கு வாங்கிய அடுப்புக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். இணக்க முறையில் வரி கட்டுவோருக்கு அது கிடையாது.

வைக்கும் இடமும் முக்கியம். இண்டக்ஷன் அடுப்பு அடியிலுள்ள சிறு விசிறியால் காற்றை உறிஞ்சித் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. கடலை மாவும் மிளகாய்த் தூளும் பறக்கும் இடத்தில் வைத்தால் அந்தத் தூள் எண்ணெய்ப் பிசுக்கோடு உள்ளே படியும். இரவில் அந்த இளஞ்சூட்டைத் தேடிக் கரப்பான் உள்ளே குடியேறும். பலசரக்குக் கடையில் கரப்பானுக்குப் பஞ்சம் ஏது? உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை கெட, ஒரு கரப்பான் போதும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நான்கு பக்கமும் காற்றோட்டமுள்ள கல்மேடையில் வையுங்கள். இரவு பிளக்கை உருவிவிட்டு, அடிப்புறத்தைத் துடைத்து, துணியால் மூடி வையுங்கள். இதய பேஸ்மேக்கர் பொருத்தியவர் கடையில் வேலை செய்தால், இண்டக்ஷன் அருகில் நிற்பது பற்றி அவருடைய மருத்துவரிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, புதுச்சேரிக்காரர்களுக்கென்றே ஒரு விஷயம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்து பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தெருக்களிலும் வீடுகளிலும் வெள்ளம் புகுந்தது. அப்படிப்பட்ட நாளில்தான் தெருவே நம் கடை வாசலில் வந்து நின்று, ஒரு டீயும் குழந்தைக்குப் பாலும் கேட்கும். ஆகவே மின் அடுப்பு வாங்குபவர்கள் கேஸ் இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிடாமல், ஒரு சிலிண்டரும் ஒற்றைப் பர்னரும் கைவசம் வைத்திருங்கள். அடுப்புக்கான பிளக்கை, உங்கள் கடைக்குள் இதுவரை தண்ணீர் ஏறிய அளவுக்கு இரண்டு அடியாவது மேலே பொருத்தச் சொல்லுங்கள். தண்ணீர் புகுந்த கடையில், எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை மெயின் சுவிட்சைப் போடாதீர்கள்.